எதிர்வீட்டுப் பத்தரின் அக்கரைக் குடும்பம்

எங்கள் தெருவில் ஒரு ஆண்பிள்ளைக்கு அக்கரையில் இன்னொரு குடும்பம் இருந்தது என்பது பெரிய சேதி இல்லை. நாகப்பட்டினத்துக்காரர்கள் ரங்கூனுக்குப் போன காலத்தில் இருந்தது, பினாங்குக்குப் போன காலத்தில் இருந்தது, துபாய்க்குப் போனவர்களில் இரண்டு பேருக்கு இருந்தது எனக்கே தெரியும். ஆனால் அந்தக் குடும்பம் செத்துப் போய்த் தொள்ளாயிரம் வருஷம் ஆகியிருந்தது எதிர்வீட்டுக் காயாரோகணம் பத்தர் விஷயத்தில் மட்டும்தான்.

பத்தர் ஒரு பாங்கியில் அடகுக்கு வருகிற நகைகளை உரைத்துப் பார்த்துத் தரம் சொல்பவர். மனைவி நீலாயதாட்சி, எங்களுக்கு நீலா. எங்கள் ஊர்ச் சாமியின் பெயர் அவருக்கு, அம்பாளின் பெயர் இவளுக்கு. பெயர்ப் பொருத்தத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மற்றப் பொருத்தங்களைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். இருபத்து நான்கு வருஷத்தில் அவர் நீலாவிடம் பேசியதையெல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது. வீட்டில் ஒரு நல்ல பீரோ இருப்பது போல இருந்தார். ஒரே மகள் படித்து முடித்து ஓசூரில் வேலைக்குப் போன பிறகு, அந்த வீட்டில் நீலா பேசியதைக் கேட்டது குக்கர் மட்டும்தான்.

அப்போதுதான் கடற்கரைச் சாலையில் கடல்வழி ஆய்வு மையம் என்று ஒன்று வந்தது. வாசலில் ‘கடல் கடந்த நம் பெருமை’ என்று லாரி நீளத்துக்கு ஒரு பலகை. கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டு ஊர் முழுவதிடமும் எச்சில் வாங்கினார்கள். கடாரம் போன சோழ சேனாபதியின் வாரிசு தாம்தான் என்ற நம்பிக்கையில் வரிசையில் நின்று துப்பியவர்களே அதிகம். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை துப்பினார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது, போனால் போகிறது என்று துப்பிவிட்டு வந்த பத்தருக்கு.

சேதியோடு வந்தது ஹெப்சிபா என்ற டாக்டர். தரங்கம்பாடிப் பெண், முப்பது வயது இருக்கும். நான் தற்செயலாக அங்கே இருந்தேன். தற்செயலாக இருப்பதற்காகத் தயிர் உறை கேட்டுப் போயிருந்தேன்.

“சுமத்திராவோட மேற்குக் கரையில, பாரூஸ் பக்கத்துல ஒரு புதைகுழி தோண்டியிருக்காங்க சார். நம்ம வணிகருங்க கற்பூரம் வாங்கப் போன இடம். குழியில ஒரு மண்டையோடு, பக்கத்துல ஒரு சின்னத் தராசு, ஒரு உரைகல். பொன் வேலை பார்த்த ஆளா இருக்கணும். அந்த ஆளோட நேர் வம்சம் நீங்க. இவ்வளவு ஒத்துப்போறது கோடியில ஒருத்தருக்குத்தான்.”

பத்தர் தமது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். “உரைகல்லா? கறுப்பா, பச்சையா?”

“கறுப்பு. சார், காதுக்குப் பின்னால ஒரு எலும்பு இருக்கு. உடம்பிலேயே கெட்டி அதுதான். மத்ததெல்லாம் மண்ணாப் போனாலும் அது நிக்கும். அதுல அந்த ஆளோட நினைவு படிஞ்சிருக்கு. மெஷின்ல படிச்சா வெறும் இரைச்சல்தான் வருது. அதே வம்சத்து ஆள் ஒருத்தர் தலைக்குள்ள அதை அனுப்பினாத்தான் அர்த்தமாகுது. வாரம் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, தெரியறதைச் சொன்னா போதும்.”

நீலா அடுப்படி வாசலில் நின்றபடி கேட்டாள். “உள்ள அனுப்பினது திரும்ப வெளிய போயிடுமா?”

டாக்டர் காப்பியை ஒரு வாய் குடித்தாள். “இதுவரைக்கும் ஆறு பேருக்குச் செஞ்சிருக்கோம்மா. நாலு மாசத்துல தானா மங்கிடுச்சு.”

பத்தர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பலகையில் தமது போட்டோ வருமா என்று. வரும் என்றார்கள். கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமைதோறும் வேன் வந்து கூட்டிப்போனது. மையத்துக்காரர்கள் யானையும் கொடியும் கோபுரமும் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். பத்தர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னது மழை. ஓயாத மழை, காலில் அட்டை, மரத்தைப் பிளந்து கற்பூரத்தைச் சுரண்டுகிற சத்தம். பிறகு தோளில் மச்சமுள்ள ஒரு தமிழன். அவன் உரைகல்லில் பொன்னைத் தேய்த்து, கோட்டின் நிறத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறான். ‘குரு’ என்று குறிப்பில் எழுதினார்கள். அவன் உட்கார்ந்து சோறு தின்கிறான். பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது என்றார் பத்தர். ‘குருபக்தி’ என்று எழுதினார்கள். படித்தவர்கள் எழுதினால் எதற்கும் ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது மாதம் நீலா என் வீட்டுக்கு வந்து ஒரு மாதிரி நின்றாள்.

“அண்ணி, இவரு மொளகாயைப் பாத்து மெரளுறாரு.”

“காரம் கூடப் போட்டியா?”

“காரம் இல்ல அண்ணி. அது என்னன்னே தெரியல. கையில எடுத்து உருட்டிப் பாக்குறாரு. கடிச்சுட்டு வாயைப் பொத்திக்கிட்டு அழுதுட்டாரு. மொளகு போட்டுக் குடுத்தா சாப்பிடுறாரு.”

அந்த ஆளின் காலத்தில் இந்தப் பக்கம் மிளகாயே வந்திருக்கவில்லை என்று டாக்டர் சொன்னாளாம். சரி, போகட்டும். ஆனால் அடுத்து நடந்ததற்கு எந்த டாக்டரும் சமாதானம் சொல்ல முடியாது. காயாரோகணம் பத்தர் கொல்லைக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் துலக்கினார். தெருவே பார்த்தது. சாயங்காலங்களில் கொல்லைப் படலைப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்து நின்றார். எங்கள் ஊரில் கடல் கிழக்கே இருக்கிறது; மேற்கே பஸ் நிலையம்தான். பஸ் நிலையத்தை அப்படிக் கலங்கின கண்ணோடு பார்த்த மனிதரை நான் கண்டதில்லை. முகத்தில் பத்தர் இருந்தார், பார்வையில் இல்லை. 

பாங்கியில் அவருக்கு நீண்ட விடுப்புக் கொடுத்துவிட்டார்கள். ஓசூரிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டபோது, “இந்தப் பொண்ணு யாரு, கண்ணாடிக்குள்ள?” என்று கேட்டாராம். மகள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

பிறகு அவர் தாலி செய்ய ஆரம்பித்தார்.

கொல்லையில் குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், தமது மோதிரத்தை உருக்கிய பொன். நான் மாடியில் துணி காயப்போட்டபோது பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தாலி இல்லை. தட்டையாக, ஓரத்தில் ஏதோ இலை மாதிரி. யாருக்கு என்பதுதான் கேள்வி. மதியத்துக்குள் தெருவில் நான்கு பெண்களின் பெயர் அடிபட்டது. அதில் இரண்டு நான் சொன்னது. இதை நீலாவிடம் சொல்லாமல் இருப்பது நட்புக்கு அழகில்லை என்று சொன்னேன். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நானும் போனேன்.

“யாருக்குங்க இது?”

பத்தர் இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டார், பிள்ளைகள் மிட்டாயை மூடிக்கொள்வது போல.

“யாருக்குன்னு கேக்குறேன்ல. எந்தச் சிறுக்கிக்கு?”

“எனக்கு” என்றார் பத்தர்.

நான் சிரித்துவிட்டேன். நீலா சிரிக்கவில்லை. அவர் தலை குனிந்து, வேற்றூரில் இருந்து வந்தவர்கள் தமிழ் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“அவர் அடுத்த காத்துக்குக் கப்பலேறி வந்து தாலி கட்டுறேன்னாரு. வரல. நானே செஞ்சேன். கோவிச்சுக்காதே அக்கா.”

டாக்டர் ஹெப்சிபா அன்று மாலையே வந்தாள். கையில் ஒரு காகிதம், முகத்தில் தப்புச் செய்த களை.

“அந்த எலும்பு பொம்பளையோடதும்மா.”

நீலா அந்தக் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“தோண்டினவங்க தராசையும் உரைகல்லையும் பாத்துட்டு ‘வணிகர், ஆண்’னு எழுதிட்டாங்க. வம்சம் பாக்குற பிரிவு வேற, எழுதுற பிரிவு வேற. ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல வச்சு யாரும் பாக்கல. அந்த ஊர்ப் பொண்ணு அது. இங்கேருந்து போன பொன் வேலைக்காரரு அதுகூடக் குடித்தனம் நடத்தியிருக்காரு. தொழிலையும் கத்துக் குடுத்திருக்காரு. அவரு கிட்டதான் தாலியைப் பத்திக் கேட்டிருக்கும்போல. அந்தக் காலத்துல தாலி உண்டா இல்லையான்னு எங்க மையத்துலயே ரெண்டு கட்சி.”

“இவரு வம்சம்னீங்களே?”

“அதான்மா. ஒரு பையன் பொறந்திருக்கான். ஊருக்குத் திரும்புறப்போ அவரு அவனையும் கூட்டிட்டு வந்துட்டாரு. சார் அந்தப் பையன் வழி. அந்தம்மா ரெண்டு பேருக்காகவும் காத்துக்கிட்டே செத்திருக்கு.”

கடல் கடந்து நம் பண்பாடு எப்படிப் பரவியது என்று அந்த நீளப் பலகையில் ஏழு வரி எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒரு வரியில் விளங்கிவிட்டது. ஒருத்தி நம்பிச் சோறு பொங்கிப் போட்டாள்.

“மங்கிடும்னீங்க. நாலு மாசம் முடிஞ்சு போச்சே” என்றாள் நீலா.

“மத்தவங்களுக்கு வந்தது முடிஞ்சு போன நினைவும்மா. இது காத்திருக்கிற நினைவு. முடியாம சுத்திக்கிட்டே இருக்கு. கருவி வச்சு எடுக்கலாம், ஆனா சாரோட நினைவையும் சேத்துப் பிச்சிக்கிட்டு வரும். எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாது. விட்டு வச்சா…” அவள் நீலாவைப் பார்க்காமல் சொன்னாள். “இன்னும் ஒரு மாசம் போனா சார் திரும்புறது கஷ்டம்.”

அந்த ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் நான் அவர்கள் வீட்டிலேயே கழித்தேன். உதவிக்குத்தான். பத்தருக்குள் இருந்தவள், இனிமேல் அவள் என்றே சொல்கிறேன், கப்பலேறி அந்தப் பொன் வேலைக்காரன் வீட்டுக்கே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். நீலாதான் அவனுடைய மூத்தவள். மூத்தவள் வீட்டில் இளையவள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தாள். பெயர் சொன்னாள், எங்கள் வாயில் நுழையவில்லை. நீலா முதலில் அவளை முறைத்தாள், பிறகு ‘இந்தா’ என்றாள், பிறகு ‘தங்கச்சி’ என்றாள். எந்த வாரத்தில் மாறியது என்று எனக்கே பிடிபடவில்லை. இத்தனைக்கும் நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு நாள் போனபோது முற்றத்தில் நீலா உட்கார்ந்திருக்க, பத்தரின் பெரிய கைகள் அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தன. அவ்வளவு மெதுவாக. கற்பூர வாசனை கூடம் முழுக்க இருந்தது. கற்பூரம் ஏற்றவே இல்லை என்று நீலா சத்தியம் செய்கிறாள்.

“அக்கா, சாப்பிட்டியா?” என்றது பத்தரின் குரல்.

“ஆச்சு.”

“பொய். சட்டியில அப்படியே இருக்கு. நீ முதல்ல சாப்பிடு. அவர் வந்தா நான் போடுறேன்.”

நீலா என்னைப் பார்த்தாள். நான் தூணைப் பார்த்தேன்.

வாசலில் என்னை வழியனுப்ப வந்தபோது சொன்னாள்: “செத்துட்டாருன்னு சொல்லிட்டேன் அண்ணி. மூணு தடவை சொல்லிட்டேன். நம்பினாத்தானே? என் கழுத்தைத் தொட்டுக் காட்டிச் சிரிக்குறா. இது இருக்கும்போது அவரு எப்படிச் செத்திருப்பாருன்னு.”

 நீலா என்ன செய்ய நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. 

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு அதைச் செய்தாள். கூடத்தில், என் கண் முன்னால். முதலில் நெற்றிப் பொட்டை அழித்தாள். பூவை எடுத்து மூலையில் போட்டாள். கை கழுத்துக்குப் போனபோது நான் பிடித்துக்கொண்டேன்.

“வேணாம் நீலா. புருஷன் உசிரோட இருக்கும்போது யாராச்சும் இதைச் செய்வாங்களா?”

“எந்தப் புருஷன் அண்ணி இருக்காரு?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “அவருக்காகத்தான் கழட்டுறேன். விடுங்க.”

விட்டேன். தாலிக் கொடியைத் தலை வழியாக எடுத்து ஒரு தாம்பாளத்தில் வைத்தாள். அடுப்படியில் இருந்து ஈரக் கையோடு வந்தவள் வாசற்படியில் நின்றுவிட்டாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். நீலாவின் கழுத்தைப் பார்த்தாள்.

“அக்கா.”

“கப்பல்லயே போயிட்டாரும்மா. வர்ற வழியில காய்ச்சல். இந்த ஊர் மண்ணையே மிதிக்கல. என் கிட்டயும் வந்து சேரல.”

அது முழுப் பொய். அவன் வந்தான், மூத்தவளோடு வாழ்ந்தான், கிழவனாகிச் செத்தான் என்றுதான் இருக்க வேண்டும். நீலா ஏன் அப்படிச் சொன்னாள் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“பிள்ளை?” என்றாள் அவள். மூச்சு மட்டும்தான் வந்தது. “பிள்ளையும் போச்சா?”

“இல்ல. பிள்ளை வந்து சேந்தான். நான்தான் வளத்தேன். நல்லா இருக்கான். வா, காட்டுறேன்.”

நீலா அவள் கையைப் பிடித்துப் பீரோக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். பத்தரின் ஐம்பது வயது முகம், நரைத்த மீசை, நகைத் தூசியில் சிவந்த கண். அவள் கண்ணாடியைத் தொட்டாள். மூக்கைத் தொட்டாள், காது மடலைத் தொட்டாள்.

“மீசை வச்சிருக்கான்” என்றாள். அப்புறம், “என் அப்பா காது.”

அதற்குப் பிறகு வந்தது அழுகை. ஒரு ஆணின் கட்டைத் தொண்டையில் இருந்து, எங்களுக்குத் தெரியாத மொழியில், ஏறி இறங்கி ஏறி, புருஷனை இழந்தவள் அழுகிற அழுகை. நீலா அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது. நீலாவின் வெறும் கழுத்தைப் பார்த்து யாரோ ஓடிப்போய் மாலையே வாங்கிவந்துவிட்டார்கள். அந்த மாலையைத் திருப்பி அனுப்ப நான் பட்ட பாடு தனிக் கதை. யாரும் சாகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது உண்மையும் இல்லை.

பத்தர் இரண்டு நாள் தூங்கினார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, இன்று பாங்கிக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டார். ஒன்றும் நினைவில்லை. அலமாரியில் இருந்த இலைத் தாலியை லென்ஸ் வைத்துப் பார்த்தார். “யாரு வேலை? பழைய பாணி. கை நல்ல கை” என்று சொல்லி வைத்துவிட்டார். மகள் ஓசூரில் இருந்து வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். நீலாவின் கழுத்தில் தாலி பழையபடி ஏறியது. கோவிலில் மறுபடி கட்டச் சொன்னபோது, பத்தருக்கு ஏன் என்று புரியவில்லை, ஆனாலும் கட்டினார். பலகையில் அவர் போட்டோ வந்தது. கீழே ‘வணிகரின் வாரிசு’ என்றே இருக்கிறது. திருத்த இன்னும் மேலிடத்து உத்தரவு வரவில்லையாம்.

நல்லபடியாக முடிந்தது என்று நானும் நினைத்தேன். நான்கைந்து பேரிடம் சொல்லியும் விட்டேன்.

போன வியாழக்கிழமை காலையில் நீலா நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“எங்க கிளம்பிட்டே?”

“மையத்துக்கு.”

“அவரையா கூட்டிட்டுப் போறே, மறுபடியும்?”

“அவரு பாங்கிக்குப் போயிட்டாரு. நான்தான் போறேன்.” சேலைத் தலைப்பை நீவிவிட்டுக்கொண்டாள். “டாக்டரம்மா கிட்ட என் எச்சிலைக் குடுத்தேன் அண்ணி. நான் அவரோட அத்தை பொண்ணுதானே. எங்க பாட்டியும் சொந்தத்துலதான் கட்டிக்கிட்டாங்க, அவங்க அம்மாவும் அப்படித்தான். எல்லாம் ஒரே ரத்தம். அவரைவிட எனக்கு நல்லா ஒத்துப்போகுதாம்.”

நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டேன். 

“உனக்கென்ன பைத்தியமா? பட்டது போதாதா? அவளை அனுப்பி வைக்கத்தானே அந்தப் பாடு பட்டே.”

“அனுப்பினது இவரு தலைக்குள்ள இருந்தவளை. நான் சொன்னது அந்த எலும்புக்கு எப்படித் தெரியும்? டாக்டரம்மா கிட்ட கேட்டேன். தெரியாதாம். அங்க அவ முதல்ல இருந்த மாதிரியே இருக்காளாம். இன்னும் காத்துக்கிட்டு.”

வேன் தெருமுனையில் திரும்பியது. நீலா செருப்பை மாட்டினாள்.

“ஒரு மாசம் அண்ணி. நான் சாப்பிட்டேனான்னு தினம் ஒருத்தி கேட்டா.”

“சரி, போய்ச் சொல்லு. அவ போகாம உன்கிட்டயே தங்கிட்டா என்ன பண்ணுவே?”

நீலா வேனின் கைப்பிடியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், இன்னொருவர் உட்கார இடம் விடுவது போல.

“போறதுக்கு அவளுக்கு வேற எங்க அண்ணி வீடு இருக்கு?” என்றாள்.